எல்லை தாண்டும் குற்றம்: ஐம்பது வயதில் நான் படித்த பாடம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏதோ குற்றம் பத்தி வெளிநாடு போய்ப் படிச்சீங்களாமே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க. பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நான் இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் அம்மா கேட்டது: "ஏன்டி, இந்த வயசுல போலீஸ்லயா சேரப் போற?" இரண்டு பேருக்கும் சேர்த்து இன்றைக்குப் பதில் சொல்கிறேன். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் செயலாளர் மணி அடிக்கலாம். ஆனால் கடைசிப் பகுதியைச் சொல்லி முடிக்காமல் நான் இறங்க மாட்டேன். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

நான் 1988 முதல் 1991 வரை இங்கே இளங்கலை வரலாறு படித்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் ஏழு பேர். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் வரலாற்றுத் துறை ஐயா கையில் ஒரு செய்தித்தாளோடு உள்ளே வந்தார். அன்றைக்குப் பாடம் பிரெஞ்சுப் புரட்சி. அதை ஓரம் வைத்துவிட்டு, "நம்ம ஊர்ச் சாமி லண்டன்ல கேஸ் ஜெயிச்சிருக்கார், தெரியுமா?" என்று கேட்டார். பத்தூர் நடராஜர் வழக்குதான் அது.

இளைய தலைமுறைக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கும் பத்தூரில், இடிந்துபோன ஒரு பழைய சிவன் கோயில் அருகே, 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் நடராஜர் மட்டும் கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்விட்டார். 1982-இல் ஒரு கனடா நாட்டு நிறுவனம், பொய்யான பூர்வீகக் கதையோடு வந்த அந்தச் சிலையை விலை கொடுத்து வாங்கியது. லண்டன் காவல்துறை சிலையைக் கைப்பற்றியது. வாங்கிய நிறுவனம் "எங்கள் பொருளைக் கொடு" என்று வழக்குப் போட்டது. கும்பிட ஆளில்லாமல் கிடந்த அந்தக் கோயிலே வழக்கில் ஒரு தரப்பாக நிற்கலாம், சிலையின் மேல் அதற்கு உரிமை உண்டு என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1988-இல் தீர்ப்பு. 1991-இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. அந்த ஆண்டே நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

ஐயா அன்று கேட்ட ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. "திருடினவன் ஒரு ஊரு, வித்தவன் ஒரு ஊரு, வாங்கினவன் ஒரு நாடு, கேஸ் நடந்தது இன்னொரு நாடு. இதுல எந்தப் போலீஸ், எந்தச் சட்டம், யாருக்கு அதிகாரம்?" எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. மணி அடித்தது, பிரெஞ்சுப் புரட்சி அடுத்த வாரத்துக்குப் போனது.

பிறகு நான் வங்கியில் சேர்ந்தேன். கல்யாணம், இடமாற்றம், பிள்ளைகள் என்று இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் கிளையில் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றம் என்றால் அறிக்கை. சந்தேகப்படும்படி எது நடந்தாலும் தொகை எவ்வளவானாலும் அறிக்கை. எல்லாம் டில்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். அனுப்பிக்கொண்டே இருந்தேன். அனுப்பியதெல்லாம் எங்கே போகிறது, அதனால் யார் பிடிபட்டார்கள் என்று ஒரு தகவலும் திரும்பி வராது. கிணற்றில் கல் போடுகிற மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கல் எங்கே விழுகிறது என்று பார்க்கும் ஆசை மட்டும் போகவில்லை.

2021-இல் விருப்ப ஓய்வு வாங்கினேன். வந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நாடு கடந்த குற்றமும் அதன் கட்டுப்பாடும் என்ற ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். எங்க வீட்டுக்காரர், "போய்ட்டு வா. நான் ரசம் வைக்கக் கத்துக்கறேன்" என்றார். கற்றுக்கொண்டார். ரசம் இன்னும் சுமார்தான்.

வகுப்பில் பதினெட்டுப் பேர். முக்கால்வாசிப் பேர் என் மகள் வயது. கொலம்பியாவிலிருந்து ஒரு பெண், கானாவில் சுங்கத்துறையில் வேலை பார்த்த ஒருவர், இத்தாலியிலிருந்து ஒரு பையன். அங்கே பேராசிரியர் வந்து பாடம் நடத்துவது குறைவு. வாரத்துக்கு நூற்றைம்பது பக்கம் படித்துவிட்டு வந்து நாம்தான் பேச வேண்டும். நான் இங்கே படித்த காலத்தில், பெண்பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அந்தப் பழக்கத்தில் முதல் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை.

முதல் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். நம்ம ஊர் வழக்கப்படி, "உலகெங்கும் எல்லை தாண்டிய குற்றங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன" என்று கம்பீரமாகத் தொடங்கியிருந்தேன். திரும்பி வந்த தாளில் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு. தமிழில் சொன்னால்: "எண்ணியது யார்?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். உண்மைதானே? யார் எண்ணினார்கள்?

இந்தப் படிப்பின் அரிச்சுவடி அதுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். உலகில் வெள்ளையாக்கப்படும் கறுப்புப் பணம் உலக உற்பத்தியில் 2 முதல் 5 சதவீதம் என்று 1998-இல் சர்வதேச நிதியத்தின் தலைவராக இருந்தவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். அது ஒரு உத்தேசம். அதற்குப் பிறகு அந்த எண் எத்தனை அறிக்கைகளில், எத்தனை மேடைகளில் ஏறி இறங்கியது என்று கணக்கே இல்லை. 2011-இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் இருந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, 2009-க்கு 2.7 சதவீதம், அதாவது சுமார் 1.6 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதே அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. அந்தப் பணத்தில் அரசுகள் பிடித்துப் பறிமுதல் செய்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதைப் படித்த அன்றைக்கு, கிணற்றில் நான் போட்ட கற்களை நினைத்துக்கொண்டேன்.

வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் படிப்பில் ஒரு வசதி உண்டு. குற்றம் என்று நாம் சொல்வது எப்போதும் குற்றமாக இருந்ததில்லை என்பது நமக்குச் சட்டென்று புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவுக்கு விற்றது அன்றைய ஆங்கில அரசின் பெரிய வருமானம். சீனா தடுத்தபோது 1839-இல் போர் மூண்டது. அன்றைக்கு அதற்குப் பெயர் வாணிபம். 1912-இல் தி ஹேக் நகரில் சர்வதேச அபினி ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு 1961, 1971, 1988 என்று மூன்று போதைப்பொருள் ஒப்பந்தங்கள். நம் நாட்டில் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். வாணிபமாக இருந்தது கடத்தலாக மாறிவிட்டது. எது குற்றம், யார் முடிவு செய்கிறார்கள், யாருடைய வசதிக்காக என்று கேட்காமல் இந்தப் படிப்பில் ஒரு அடிகூட நகர முடியாது.

கட்டுப்படுத்துவது யார்? சினிமாவில் இன்டர்போல் அதிகாரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கி வில்லனைப் பிடிப்பார். அப்படி ஒருவர் கிடையாது, கண்ணுகளா. பிரான்சில் லியோன் நகரில் இருக்கும் இன்டர்போல், 196 நாடுகளின் காவல்துறைகளுக்கு இடையே தகவல் மாற்றிக்கொடுக்கும் அமைப்பு. அதன் அதிகாரிகள் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். பத்திரிகையில் வரும் ரெட் கார்னர் நோட்டீஸ் ஒரு வேண்டுகோள்தான். அதை வைத்துக் கைது செய்யலாமா வேண்டாமா என்று அந்தந்த நாட்டுச் சட்டம்தான் தீர்மானிக்கும். அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று அதன் அமைப்புச் சட்டமே சொல்கிறது. உலகப் போலீஸ் என்று ஒன்று இல்லை. இருப்பது ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவே ஓடும் காகிதங்கள்தான். அந்தக் காகிதம் ஓடும் வேகத்தில்தான் நீதியும் ஓடுகிறது.

எங்கள் வகுப்பு இத்தாலியப் பையன் பாலெர்மோ நகரத்தைப் பற்றி ஒருநாள் பேசினான். ஜொவான்னி ஃபால்கோனே என்ற நீதிபதி, மாஃபியாவின் கொலைகளைத் துரத்துவதை விட அவர்களுடைய காசோலைகளைத் துரத்தினார். வங்கி வங்கியாகப் போய்ச் சீட்டுகளைப் பார்த்தார். 1986 பிப்ரவரியில், சிறைக்குப் பக்கத்திலேயே அதற்கென்று கட்டிய நீதிமன்றத்தில் நானூற்று எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குத் தொடங்கியது. 1987 டிசம்பரில் முன்னூறுக்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை. 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு மே 23-ஆம் தேதி, விமான நிலையத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையில் குண்டு வைத்து, மனைவியோடும் மெய்க்காவலர் மூவரோடும் அவரைக் கொன்றார்கள். இரண்டு மாதம் கழித்து அவருடைய நண்பரான நீதிபதி போர்செல்லினோவையும் கொன்றார்கள்.

நாடு கடந்த ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தம் 2000-இல் நிறைவேறியபோது, கையெழுத்திட அந்த பாலெர்மோ நகரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2003-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2011-இல் உறுதிசெய்து சேர்ந்தது. அதோடு சேர்ந்த துணை ஒப்பந்தம் ஒன்றில்தான், ஆள் கடத்தல் என்றால் என்ன என்று உலகம் முதன்முறையாக ஒரே வரையறைக்கு வந்தது. மூன்று அம்சம் வேண்டும். ஒருவரை அழைத்துப் போவது போன்ற ஒரு செயல். மிரட்டல், ஏமாற்று போன்ற ஒரு வழி. சுரண்டல் என்ற நோக்கம். ஏமாற்றி அழைத்துப் போயிருந்தால், "நீயாகத்தானே சம்மதித்துப் போனாய்" என்று கேட்கவே முடியாது. இந்த வரியை நான் தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். அது எனக்கு வேறு விதத்தில் திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

நம்ம ஊர் விஷயத்தையும் அங்கே நான் ஒருநாள் பேசினேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 2008-இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் விலைபோனார். கோயிலில் சிலைகள் இருந்தபோது 1990-களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுத்தான், அது இதுதான் என்று நிரூபிக்க முடிந்தது. 2014 செப்டம்பரில் சிலை திரும்பியது. விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012-இல் இங்கே கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் கோயில் சிலைகள் வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். கைதிலிருந்து தீர்ப்பு வரை பதினோரு ஆண்டு.

கானாக்காரர் கேட்டார்: "அந்தப் போட்டோ இல்லாமல் இருந்திருந்தால்?" யாரிடமும் பதில் இல்லை. ஃபால்கோனேக்குக் காசோலை, ஸ்ரீபுரந்தானுக்குப் புகைப்படம். யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி வைத்தது, எடுத்து வைத்தது. நான் வங்கியில் அலுத்துக்கொண்டு எழுதிய அறிக்கைகள் மேல் அன்றைக்குத்தான் கொஞ்சம் மரியாதை வந்தது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

2022 ஜூலை. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். பதினையாயிரம் சொல். தலைப்பு, வங்கிகளின் சந்தேக அறிக்கைகள் ஆள் கடத்தலைக் கண்டுபிடிக்க உதவுகின்றனவா என்பது. நூலகத்தில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு. எங்கள் தெருப் பையன். நம் கல்லூரியில்தான் கணினி அறிவியல் படித்து 2021-இல் வெளியே வந்தவன். பெயர் சொல்ல மாட்டேன். அவன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

"அத்தை, தாய்லாந்துல ஒரு வேலை வந்திருக்கு. டேட்டா என்ட்ரி. மாசம் எழுபதாயிரம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே. டூரிஸ்ட் விசாவுல வரச் சொல்றாங்க, அங்க வந்து மாத்திக்கலாமாம். போலாமா அத்தை?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா விசாரிச்சுட்டுப் போப்பா. நான் லைப்ரரில இருக்கேன், ராத்திரி பேசறேன்" என்றேன். ராத்திரி பேசவில்லை. ஒரு அத்தியாயம் முடிக்க வேண்டியிருந்தது. அந்த அத்தியாயத்தின் தலைப்பு, "ஏமாற்றி வேலைக்கு அழைத்தல்: எச்சரிக்கை அடையாளங்கள்". என் பட்டியலில் முதல் அடையாளம், சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பது.

அவன் போய்விட்டான். பாங்காக்கில் இறங்கியதும் ஒரு வண்டியில் ஏற்றி எட்டு மணி நேரம் ஓட்டினார்கள். மே சோட் என்ற எல்லை ஊர். இரவில் மோய் என்ற ஆற்றைப் படகில் கடந்தார்கள். அந்தக் கரை மியான்மரின் மியாவடி. மதில், கம்பிவேலி, துப்பாக்கியோடு காவல். கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். கையில் ஆறு கைப்பேசி கொடுத்தார்கள். ஒரு பெண்ணின் பெயரில், படத்தோடு, முன்பின் தெரியாதவர்களிடம் நட்பாகப் பேசி, நம்பிக்கை வளர்த்து, பொய்யான முதலீட்டில் பணம் போட வைக்க வேண்டும். பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்று அந்தத் தொழிலுக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர். கணக்கு முடிக்காத நாளில் சாப்பாடு கிடையாது, அடி உண்டு. வெளியே விட வேண்டுமானால் குடும்பம் பணம் கட்ட வேண்டும்.

அந்த அக்டோபரில் தமிழ்நாட்டு இளைஞர்கள் பதின்மூன்று பேர் மியாவடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்த செய்தியைப் படித்தேன். அதில் அவன் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் என் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் வந்தது. மிக உயர்ந்த தரம் என்று போட்டிருந்தார்கள். அந்த மின்னஞ்சலைப் படிக்கும்போது அவன் இன்னும் அந்த மதிலுக்குள்தான் இருந்தான். அவன் அம்மா தாலிக்கொடி உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்துப் பணம் அனுப்பி, டிசம்பரில்தான் வந்து சேர்ந்தான். தாய்லாந்தில் அனுமதியின்றி நுழைந்த குற்றத்துக்குச் சில நாள் காவலிலும் இருந்துவிட்டு வந்தான்.

வந்து பத்து நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். அடித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அத்தை, ஒரு அம்மா. ரிட்டயர்டு டீச்சர். பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருந்த பணம். நாலு லட்சம். நான்தான் அவங்ககிட்ட ரெண்டு மாசம் பேசினேன். சாப்டீங்களாம்மான்னு தினம் கேப்பேன். நீங்க இதைத்தானே படிச்சீங்க? சொல்லுங்க, நான் கடத்தப்பட்டவனா, குற்றவாளியா?"

படித்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, கடத்தப்பட்டு, கட்டாயத்தின் பேரில் குற்றம் செய்தவருக்கு ஒரு தற்காப்புத் தருகிறது. கொலை, கொள்ளை போன்ற பெரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. அன்றைக்கு நம்மிடம் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவோ, அந்தக் கணமே உயிர் போகும் என்ற அச்சத்தில் செய்ததை மட்டும்தான் மன்னித்தது. மாதக்கணக்கில் அடைத்து வைத்து, பட்டினி போட்டு வாங்கிய வேலை அதற்குள் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டே இருக்கலாம். அவன் கேட்டது சட்டப் பிரிவு இல்லை.

"ரெண்டும்தான்பா" என்றேன். "உன்னை ஏமாத்தினது உண்மை. உன்னால அந்த அம்மா ஏமாந்ததும் உண்மை. ஒண்ணு இருக்கிறதால இன்னொண்ணு இல்லாமப் போயிடாது. முதல்ல நீ கேட்டப்ப நான் ராத்திரி பேசாததும் உண்மை. அதுக்கு நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அவன் அழுதான். நானும்தான். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நினைவில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னேன். முகவர் பெயர், அவர் பேசிய எண்கள், தேதிகள், வண்டி நின்ற இடங்கள், பணம் போகச் சொன்ன வங்கிக் கணக்குகள். கணினி படித்த பிள்ளை, எண்கள் நினைவில் நின்றிருந்தன. பதினோரு பக்கம். அதை எடுத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவுக்குப் போனோம். எழுதிக் கொடுத்தால் தன்மேலேயே வழக்கு வரலாம் என்று தெரிந்துதான் கொடுத்தான். விசாரணையில் ஒரு விஷயம் தெரிய வந்தது. அந்த ஆசிரியை அனுப்பிய பணம் முதலில் போய் விழுந்த கணக்கு வெளிநாட்டில் இல்லை. நம் மாநிலத்திலேயே ஒரு கல்லூரி மாணவனுடைய கணக்கு. மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்தான். "சும்மா கெடந்த அக்கவுண்ட்தானே சார்" என்றானாம்.

மாணவச் செல்வங்களே, உலகக் குற்றம் என்றால் பாலெர்மோவும் பாங்காக்கும் மட்டும் இல்லை. உங்கள் பையில் இருக்கும் பாஸ்புக் ஒரு முனை.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. முகவர் பிடிபட்டுப் பிணையில் இருக்கிறார். பையன் மேல் இதுவரை வழக்கு இல்லை, சாட்சியாக இருக்கிறான். ஆசிரியைக்குப் போன பணம் திரும்பவில்லை. அவன் இப்போது வாங்கும் சம்பளத்தில் மாதம் இரண்டாயிரம் எடுத்து வைக்கிறான். அதை எப்படி அவரிடம் சேர்ப்பது என்று வக்கீலைக் கேட்டிருக்கிறோம்.

வெளியே என்ன ஆயிற்று? 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம், மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி அடைபட்டிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. எண்ணியது யார் என்று பழக்கதோஷத்தில் நானும் கேட்டேன். மதிலுக்குள் போய் யாரும் எண்ணவில்லை. தப்பி வந்தவர்களும் மற்றவர்களும் சொன்னதிலிருந்து கட்டிய உத்தேசம். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்த எல்லை ஊர்களுக்கு மின்சாரத்தையும் எரிபொருளையும் நிறுத்திய பிறகு ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். மார்ச் மாதம் இரண்டே நாளில் 549 இந்தியர்களை நம் விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. அந்த எண்ணை நான் நம்புகிறேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஏற்றிய எண் அது. சைபர் குற்றத்துக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தம் 2024 டிசம்பரில் நிறைவேறி, 2025 அக்டோபரில் ஹனோய் நகரில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. நாற்பது நாடுகள் உறுதிசெய்தால்தான் நடைமுறைக்கு வரும். காகிதம் அதன் வேகத்தில் ஓடும்.

இந்தப் படிப்பைப் படிக்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் படியுங்கள். இதற்கு இங்கிலாந்து போக வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உண்டு. வரலாறு, வணிகவியல், கணினி, எதைப் படித்தவருக்கும் இதில் வேலை இருக்கிறது. காவல்துறை மட்டும் இல்லை. வங்கி, தணிக்கை, சிறை நிர்வாகம், தொண்டு நிறுவனம் என்று பல வாசல். ஆனால் துப்பறியும் கதை என்று நினைத்து வராதீர்கள். முக்கால் பங்கு காகிதம் படிக்கிற வேலை. பொறுமை வேண்டும். இன்னொன்றும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் கூப்பிடும்போது புத்தகத்தை மூடிவைக்கத் தெரிய வேண்டும். அதை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முடிக்கும் முன், சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் ஆட்களைப் பாதுகாக்க 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இருக்கிறது. தாய்லாந்து உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு அந்தச் சோதனை இல்லை. படித்தவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்று சட்டம் நினைத்தது. இந்தக் கும்பல்கள் தேடுவது ஆங்கிலமும் கணினியும் தெரிந்த பட்டதாரியை. வலையில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ, அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

ஆகவே, நம் சங்கத்தின் பெயரில் கல்லூரியில் ஒரு மேசை போடுவோம். சனிக்கிழமை காலை மட்டும் போதும். வெளிநாட்டு வேலைக் கடிதம் வந்த எந்த மாணவரும், முன்னாள் மாணவரும் அதைக் கொண்டுவந்து காட்டட்டும். முகவருக்கு அரசுப் பதிவு எண் உண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்ப்போம். எந்த விசாவில் அழைக்கிறார்கள் என்று கேட்போம். அந்த நாட்டில் இருக்கும் நம் முன்னாள் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அந்த முகவரியில் அப்படி ஒரு அலுவலகம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வோம். நம் சங்கத்தில் எத்தனை நாட்டில் ஆள் இருக்கிறார்கள்! ஏற்கெனவே பணத்தை இழந்தவர் வந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் செய்வோம். வருகிறவர் ஒவ்வொருவரையும் ஒரு நோட்டில் பதிவு செய்வோம்.

முதல் மூன்று மாதச் சனிக்கிழமைகளை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது நாற்காலியில் உட்கார அந்தப் பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான். கடிதத்தை நீட்டிய உடனே எது பொய் என்று என்னை விட அவனுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் வங்கிக்காரர்கள், வக்கீல்கள், ஓய்வு பெற்ற காவல்துறை நண்பர்கள் யாராவது சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் பெயர் கொடுங்கள்.

பிரெஞ்சுப் புரட்சியை ஒரு வாரம் தள்ளி வைத்து எனக்கு இந்த வழியைக் காட்டிய எங்கள் வரலாற்று ஐயா இன்று இல்லை. அவரை வணங்குகிறேன்.